முதல் நிரைக்காரியின் வலது கை

பதுளைக் கடைவீதியில் இருக்கும் என் மருந்துக்கடை மேசையில், மைக்கூட்டுக்குப் பக்கத்தில் இரண்டு தேயிலைக் குச்சிகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். ஒன்று கொஞ்சம் தடிப்பு, மற்றது ஒல்லி. இரண்டையும் சேர்த்து மேல்முனையிலும் கீழ்முனையிலும் வாழைநாரால் தளர்வாகக் கட்டியிருக்கும். நார் இற்றுப்போகும் போதெல்லாம் நானே மாற்றிக் கட்டுகிறேன். குச்சிகள் மட்டும் இருபது வருடத்துக்கு முந்தியவை. கடை கூட்ட வருகிற பெண் ஒருநாள் குப்பை என்று நினைத்து அவற்றை அள்ளி அடுப்புப் பக்கம் கொண்டு போய்விட்டாள். நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். பாம்பு புகுந்துவிட்டது என்று நினைத்தாராம்.

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. இதே வீதியில் துணிக்கடை வைத்திருந்த அப்பா, மகனை டாக்டர் ஆக்குகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக் கொழும்புக்கு அனுப்பினார். நான் மருந்து கலக்கவும் காயம் கட்டவும் படித்துக்கொண்டு திரும்பி வந்தேன். ஆனாலும் தலைக்கனத்துக்குக் குறைவில்லை. மனித உடம்பின் இருநூற்றாறு எலும்புகளையும் உச்சி முதல் உள்ளங்கால் வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். யாராவது கேட்டால்தான் என்றில்லை, கேட்காவிட்டாலும் ஒப்பிப்பேன். உடற்கூற்றுப் புத்தகத்தின் முதல் பாடம் இன்றும் மனப்பாடம். ஒரு மனிதனை நேராக நிறுத்த வேண்டும். முகம் முன்னே பார்க்க, கைகள் பக்கத்தில் தொங்க, உள்ளங்கைகள் இரண்டும் முன்பக்கம் விரிந்திருக்க வேண்டும். அப்படி நிற்கிறவனை வைத்துத்தான் மேல், கீழ், முன், பின், நடுவுக்கு நெருக்கம், நடுவுக்குத் தூரம் எல்லாம் சொல்லப்படும். அவன் கட்டிலில் படுத்துவிட்டாலும் தலைப்பக்கம்தான் மேல், வயிற்றுப்பக்கம்தான் முன். இடது என்றால் அவனுடைய இடது. எதிரே நிற்கிற நம்முடைய இடது கிடையாது. இதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரியாதது அந்த உள்ளங்கை சமாசாரம்தான். எந்த மனிதன் உள்ளங்கையை முன்னே காட்டிக்கொண்டு நிற்கிறான்? சும்மா நின்றால் கை தொடையைப் பார்த்தபடிதானே தொங்கும்? இது ஏன் என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஒப்பித்தால் பாஸ் ஆகிவிடலாம் என்று இருந்தது, பாஸ் ஆகிவிட்டேன்.

வேலை கிடைத்தது பூனாகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில். கருங்கல் சுவர், தகரக் கூரை, எட்டுக் கட்டில்கள். மழை பெய்தால் நோயாளி சொல்வது எனக்குக் கேட்காது, நான் சொல்வது நோயாளிக்குக் கேட்காது. பெரிய டாக்டர் மாதம் ஒருமுறை பதுளையிலிருந்து குதிரையில் வருவார். மற்ற நாளெல்லாம் நான்தான் ராஜா. தோட்டத்துச் சனங்கள் என்னை ‘டாக்டரய்யா’ என்று கூப்பிட்டார்கள். நான் திருத்தவில்லை.

அந்தத் தோட்டத்தில் ஒரு பெண்ணை எல்லோரும் ‘மொத நிரைக்காரி’ என்றே சொல்வார்கள். மலையில் கொழுந்து எடுக்கும்போது ஆளுக்கொரு வரிசை உண்டு, அதற்கு நிரை என்று பேர். முதல் நிரையைப் பிடிப்பவள் எந்த வேகத்தில் போகிறாளோ, அந்த வேகத்தில்தான் பின்னால் வருகிற அத்தனை பேரும் போக வேண்டும். அந்த இடம் சும்மா கிடைத்துவிடாது. அவளுக்கு முப்பது வயதிருக்கலாம். புருஷன் காய்ச்சலில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. கை இருக்கிற வரை தோட்டத்துப் பதிவில் பேர் இருக்கும், பேர் இருக்கிற வரை கூலிகளின் லயத்து வரிசையில் ஒரு அறை இருக்கும். வேலைக்கு ஆகாது என்று பேரை வெட்டிவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று அவளுக்கும் தெரியாது.

ஐப்பசி மழையில், செங்குத்தான மலையில், தண்ணீர் ஓடும் கானுக்குக் குறுக்கே போட்டிருந்த கல்லில் அவள் வழுக்கி விழுந்தாள். கூடையோடு விழும்போது வலது கையை ஊன்றியிருக்கிறாள். வேலையை மேற்பார்க்கும் கங்காணியும் இரண்டு பெண்களும் அவளைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே கை வளைந்திருந்தது. தொட்டுப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. மூங்கில் சிம்பு, பஞ்சு, துணி எல்லாம் எடுத்து வைத்தேன். கங்காணி அவள் தோளைப் பிடித்துக்கொள்ள, நான் கையை இழுத்து நேராக்கினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தமும் போடவில்லை. நான் கட்டப்போகும் நேரத்தில்தான் வாயைத் திறந்தாள்.

“ஐயா, உள்ளங்கை கீழ பாத்தாப்புல வச்சிக் கட்டுங்க. கொழுந்து கிள்ற தோதுல. கை அப்புடியே மரக்கட்டையா நின்னு போனாலும் கிள்ளிக்கிட்டாவது இருப்பேன்.”

“அதுவும் சரிதானுங்களே” என்றார் கங்காணி.

கட்டைவிரல் மேலே பார்க்கும்படி கையைப் பக்கவாட்டில் வைத்துக் கட்ட வேண்டும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. அது எனக்கு நினைவிலும் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு நியாயம் கண்ணெதிரே தெரிந்தது. புத்தகம் சொன்னதில் என்ன நியாயம் என்று எனக்குத் தெரியாது. அவள் கேட்டபடியே உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்து இறுக்கிக் கட்டினேன். கொழுந்து பறிக்கிற ஒருத்தியைத் தவிர வேறு யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். என்னைப் போல் ஒப்பித்துப் பாஸ் ஆனவனைத் தவிர வேறு யாரும் அதைக் கேட்டுக் கட்டியிருக்கவும் மாட்டார்கள்.

நான்காம் நாள் காலையில் மருந்து கொடுக்கப் போனேன். குழந்தை அவள் கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது. “டாக்டரய்யா, ஒடம்புல எத்தன எலும்புங்க இருக்கு?” என்று அவள் கேட்டாள். கேட்காமலே ஒப்பிக்கிறவனிடம் கேட்டால் விடுவேனா? இருநூற்றாறு என்று சொல்லி, மண்டையோட்டிலிருந்து தொடங்கினேன். கழுத்து முள்ளெலும்பு ஏழு என்று வருவதற்குள் அவள் நிறுத்திவிட்டாள்.

“அம்புட்டும் வேணாங்கய்யா. இந்த முழங்கைக்குக் கீழ எத்தன?”

“ரெண்டு. ஒண்ணு ரேடியஸ், ஒண்ணு அல்னா.”

“பேரு கெடக்கட்டுங்க. அதுல எது அசையும், எது சும்மா கெடக்கும்?”

கையைக் கவிழ்ப்பதற்கு ஒரு பேர், மலர்த்துவதற்கு ஒரு பேர், மடக்குவதற்கு ஒன்று, நீட்டுவதற்கு ஒன்று, உடம்பை விட்டு விலக்குவதற்கும் சேர்ப்பதற்கும் வேறு வேறு என்று எல்லாப் பேரும் எனக்குத் தெரியும். கவிழ்க்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இடது கையால் குழந்தையின் சின்னக் கையைப் பிடித்தாள். அது எலும்பும் தோலுமான கை, உள்ளே இருப்பதெல்லாம் விரலுக்குத் தட்டுப்படும். “ஆயி, கைய விரி. இப்பக் கவுத்து. திரும்ப விரி” என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு இடமாகத் தடவிக்கொண்டே வந்தாள். குழந்தைக்கு அது விளையாட்டாகிவிட்டது, சிரித்துக்கொண்டே திருப்பித் திருப்பிக் காட்டியது.

“இங்க பாருங்கய்யா. முழங்கை முனையிலருந்து சுண்டுவெரல் பக்கமா எறங்குறது கெடந்த எடத்துலயே கெடக்கு. கட்டவெரல் பக்கத்துதுதான் அதுமேல ஏறிப் பொரளுது. ஒண்ணு நெலக்காலு, ஒண்ணு கதவு.”

நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சட்டைக் கையைச் சுருட்டினேன். இடது கை விரல்களை வலது கைமேல் வைத்து மெதுவாகக் கவிழ்த்தேன். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு அசையாமல் கிடந்தது. கட்டைவிரல் பக்கத்து எலும்பு, என் விரல்களுக்கடியில், அதன்மேல் ஏறிக் குறுக்கே போய்ப் படுத்தது. மலர்த்தினேன், இறங்கித் தன் இடத்துக்கு வந்தது. இருபத்துமூன்று வருடமாக இந்தக் கையால் சாப்பிட்டிருக்கிறேன், எழுதியிருக்கிறேன், கதவு திறந்திருக்கிறேன். இப்படி ஒரு காரியம் தோலுக்கடியில் நடந்துகொண்டே இருந்திருக்கிறது! அன்று பகல் சாப்பாடு ஆறிப்போகும் வரை நான் கையைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சமையல்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, ஐயாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று போய்ச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் அவள் கட்டிலுக்குப் போனபோது மடியில் இந்த இரண்டு குச்சிகள் இருந்தன. தேயிலைச் செடிகளைத் தறிக்கும் கவ்வாத்து மலையில் வெட்டிப் போட்டதை, அடுப்புக்கு விறகு கொண்டுவந்த பெண்ணிடம் கேட்டு வாங்கி, இடது கையாலும் பல்லாலும் நாரை இழுத்துக் கட்டியிருக்கிறாள். முகத்தில் முந்தின நாள் இருந்த விளையாட்டு இல்லை.

“ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்குதுங்களா? இது கை மலந்திருக்கையில.” கீழ்முனையைத் திருப்பினாள். ஒல்லிக் குச்சி தடித்த குச்சியின்மேல் குறுக்கே விழுந்தது. “இது கவுந்திருக்கையில. இப்ப என் கட்டுக்குள்ள இப்புடித்தான கெடக்கு?”

“ஆமா” என்றேன்.

“ஒடஞ்ச எடம் ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணா?”

அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

“தேயிலச் செடியில ரெண்டு வாது இப்புடிக் குறுக்க உரசிக்கிட்டுக் கெடந்தா என்னாகும் தெரியுங்களா? ஒட்டிப்போயிரும். அதுக்குத்தான் கவ்வாத்துல குறுக்கு வாத மொதல்ல வெட்டுறது. என் எலும்பும் ஒட்டிப்போச்சுன்னா?” அவள் அழத் தொடங்கிவிட்டாள். “நாந்தாங்கய்யா கூறுகெட்டுப் போயி அப்புடிக் கேட்டேன். கிள்ளுறது பாதி வேலதாங்க. கிள்ளுனதக் கூடையில போட வேணாமா? உள்ளங்கை மலராம எப்புடிப் போடுவேன்? சோத்த எப்புடி வாய்க்குக் கொண்டு போவேன்? இந்தப் புள்ள மொகத்த எப்புடித் தொடப்பேன்?”

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் அழுதுகொண்டிருந்த அந்த நேரத்தில் என் மண்டைக்குள் வேறொன்று உதித்தது. முதல் பாடத்து மனிதன் ஏன் உள்ளங்கையை முன்னே காட்டிக்கொண்டு நிற்கிறான் என்று எனக்கு அப்போது தெரிந்தது. அப்படி நின்றால்தான் அவனுடைய முன்கை எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாக இருக்கும். உடம்பு எங்கும் குறுக்குச் சிக்கல் இல்லாத நிலை அது. அதனால்தான் எல்லாத் திசைகளையும் அங்கிருந்து அளக்கிறார்கள். கட்டைவிரல் மேலே இருக்கட்டும் என்ற அந்த ஒற்றை வரிக்கும் இப்போது உயிர் வந்தது. அந்த நிலையில் இரண்டு எலும்புக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கும், ஒட்டாது. கொழும்பில் எனக்கு எட்டாத ஒன்று, கையெழுத்துப் போடத் தெரியாத ஒருத்தியின் மடியில், இரண்டு விறகுக் குச்சியாகக் கிடந்தது.

ஆனால் கட்டு தப்பான கட்டு. பெரிய டாக்டர் வர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் எலும்பு பிடிக்கத் தொடங்கிவிடும். நானே அவிழ்த்துக் கட்டினால், நானே தப்பு செய்தேன் என்று ஆகும். கங்காணியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். “கட்டுனத அவுத்து ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா தொரைக்கு யாருங்க பதில் சொல்றது?” என்று பின்வாங்கினார். நான் பதில் சொல்கிறேன் என்றேன். அவள் கங்காணியைப் பார்த்து, “தோளப் பிடிங்க மாமா” என்றாள், அவ்வளவுதான்.

குழந்தையை வெளியே அனுப்பிவிட்டு, வலி தணிய என்னிடம் இருந்த மருந்தைக் கொடுத்துவிட்டு, சிம்பை அவிழ்த்தேன். முதல் முறை சத்தம் போடாதவள் அன்று போட்டாள். மறுபடி இழுத்து, கட்டைவிரல் மேலே பார்க்கத் திருப்பி, இரண்டு எலும்புக்கும் நடுவே தோலின்மேல் பஞ்சு உருட்டி அணை கொடுத்துக் கட்டினேன். அவள் கண்ணைத் திறந்து, கட்டைவிரல் கூரையைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டாள்.

பெரிய டாக்டர் வந்தார். கட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆஸ்பத்திரிகளில்கூட இந்தக் கையைக் கவிழ்த்துக் கட்டிக் கெடுத்துவிடுகிறார்கள், இங்கே யார் இவ்வளவு யோசித்துக் கட்டியது என்று கேட்டார். நான்தான் என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவுதான் வந்தது. முதலில் கவிழ்த்துக் கட்டியதும் நான்தான் என்று சொல்லவில்லை. குச்சிகளைப் பற்றிச் சொல்லவில்லை. கங்காணி தரையைப் பார்த்தார். அவள் தலையணைக்கடியில் கையை விட்டு, வெளியே தெரிந்த ஒரு குச்சி முனையை உள்ளே தள்ளினாள். டாக்டர் என்னைப் பாராட்டி ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் ஒரு பத்தி எழுதிவிட்டுப் போனார்.

கட்டு அவிழ்த்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. கை சூம்பி, தோல் உரிந்து, அடுத்தவர் கை போல் இருந்தது. அவளைச் சுவரை ஒட்டி நேராக நிற்கச் சொன்னேன். “கை ரெண்டையும் தொங்கவிடு. இப்ப உள்ளங்கைய முன்னால காட்டு.” இடது கை உடனே மலர்ந்தது. வலது கை நடுங்கியது. கட்டைவிரல் மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. பாதியில் நின்றுவிட்டது. பின்பு ஒவ்வொரு நாளும் வெந்நீர் ஒற்றி, எண்ணெய் தடவி, திருப்பச் சொல்லி, கடைசியில் இடது கையைவிட இரண்டு விரல்கடை குறைவு என்ற அளவுக்கு வந்தது. புத்தகத்தின் முதல் பக்கத்தில் மட்டும் நான் பார்த்திருந்த அந்த நிலையில், மழை ஈரம் ஊறிய ஒரு சுவர் முன்னால், உயிருள்ள ஒருத்தி நின்றாள். “வந்திருச்சுங்கய்யா” என்று சிரித்தாள். ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது குச்சிகளை என் மேசையில் வைத்தாள். “நீங்களே வச்சிக்கிங்க. நாளைக்கு ஒருத்தருக்குக் காட்ட ஒதவும்” என்றாள். அதில் குத்தல் ஏதும் இல்லை, அதுதான் என்னைக் குத்தியது.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் மனது பொறுக்காமல் மலைக்கு ஏறிப் போனேன். வெயில் அடித்தது. முதல் நிரையில் அவள். கை நீண்டது, கவிழ்ந்தது, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளியது. கை நிறைந்ததும் முழங்கை மடங்கியது, தோள் பின்னால் சுழன்றது, தோள்பட்டை எலும்பு முதுகில் வழுக்கிக்கொண்டு போனது, உள்ளங்கை மலர்ந்தது, கொழுந்து கூடைக்குள் விழுந்தது. தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரு கைக்கு முப்பத்திரண்டு எலும்புகள். பேர் எல்லாம் எனக்குத் தெரியும். எண்ணத் தொடங்கினேன். மூன்று எண்ணுவதற்குள் கை போய்த் திரும்பி வந்துவிட்டது. பின்னால் நாற்பது பேர், நாற்பது நிரை, அத்தனை கைகளும் அதே காரியத்தைச் செய்துகொண்டிருந்தன. அந்த மலை முழுக்க எலும்புகள் ஏறி இறங்கிப் புரண்டுகொண்டிருந்தன, ஒன்றுகூட மற்றதில் இடிக்கவில்லை. நான் தொப்பியைக் கழற்றிவிட்டேன். கோயிலில்கூட நான் அவ்வளவு மனது ஒடுங்கி நின்றதில்லை.

அவள் நிரை முடிவில் திரும்பியபோது அருகே போய்ச் சொன்னேன். பெரிய டாக்டரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை, அந்தப் பாராட்டு உனக்குச் சேர வேண்டியது, அடுத்த முறை அவர் வரும்போது சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் கிள்ளுவதை நிறுத்தவில்லை.

“அது கெடக்கட்டுங்கய்யா. நீங்க பேர வச்சிக்கிங்க. கை என்கிட்டதான இருக்கு?”

கை நிறையக் கொழுந்தை எடுத்து, என் கண்முன்னே மலர்த்தி, தோளுக்குப் பின்னால் போட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவர் குச்சிகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் சட்டைக் கையைச் சுருட்டினார். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் எழுதிய பத்தியை அவர் திருத்தவில்லை, அதில் என் பேர்தான் இன்னும் இருக்கும். நானும் சில வருடத்தில் தோட்டத்தை விட்டு வந்துவிட்டேன். இப்போது பசறையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் கையொடிந்தவர்கள் கடைக்கு வருகிறார்கள். கட்டுவதற்கு முன்னால் இந்தக் குச்சிகளை அவர்கள் கையில் கொடுத்துத் திருப்பச் சொல்கிறேன். இது எங்கே படித்தீர்கள் என்று கேட்பவர்களிடம், முதல் நிரைக்காரி ஒருத்தி சொன்னாள் என்கிறேன். கடை சாத்தும் முன் குச்சிகளை மைக்கூட்டுக்குப் பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், பக்கம் பக்கமாக வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.